பத்தாவதாக நின்ற ரிப்போர்ட்

ஆஸ்பத்திரிக் கணினியில் வரிசையில் நிற்கும் கோப்புகளை எண் சொல்லிக் கூப்பிட்டு அனுப்புவது, கட்டளைகளை நிறைவேற்றும் நிரலான ஷெல்லின் வேலை. ஒன்பது கோப்புகள் வேலை முடிந்தும் நகராமல் நின்றன. பத்தாவதாக நின்ற ஸ்கேன் ரிப்போர்ட் உடனே ஆபரேஷன் அறைக்குப் போயாக வேண்டும்.

“பத்தாவதைக் கூப்பிடுங்க” என்றது ரிப்போர்ட்.

ஷெல் முதல் கோப்பை இழுத்து, அதன் வாலில் ஒரு பூஜ்ஜியத்தை ஒட்டியது.

“நான்தான் பத்தாவது.”

“விதிப்படி நான் ஓர் இலக்கம்தான் பார்ப்பேன். பத்தில் ஒன்றைப் பார்த்ததும் ஒன்றாவதைக் கூப்பிட்டு, மிச்சப் பூஜ்ஜியத்தை அதன் வாலில் ஒட்டிவிடுவேன். பக்கத்து மெஷின் ஷெல் பத்தாவதையே கூப்பிடுமாம். அது அதன் இஷ்டம்.”

ரிப்போர்ட் சண்டை போடவில்லை. “வரிசையை நகர்த்த விதி இருக்கா?”

“இருக்கு.”

“நகர்த்துங்க.”

முதல் கோப்பு வெளியேறியது.

“இன்னும்.”

ஒவ்வொன்றாகப் போய், ரிப்போர்ட் மட்டும் மிஞ்சியது.

“முதலாவது வரலாம்” என்றது ஷெல், அதை அப்போதுதான் பார்ப்பதுபோல.