பதினெட்டு அடிக் கூடம்

கூடத்தின் கோடியில், வாசற்கதவுக்கு முன்னால், அவளை நிறுத்தினான் நிவேதன்.

"ஐயாவுக்கு ஒரு குறி வேணும்மா. உங்களப் பாத்து நடந்து வரட்டும்."

வாரம் மூன்று காலை அவருக்குப் பிசியோதெரபி கொடுக்க வருபவன் அவன். நல்ல பையன். ஒன்றும் அறியாதவன்.

எதிர்க்கோடியில் அவள் கணவர். இடக்கையில் ஊன்றுகோல். வாதம் அடித்த வலக்கை உடம்போடு ஒட்டித் தொங்கியது.

அந்தக் கைதான் அறைந்து அவளது இடச்செவியைச் செவிடாக்கியது.

பதினொரு மாதமாக அது எழவில்லை. நாவும் எழவில்லை.

அந்தப் பதினொரு மாதமும் அவள் விடியலில் பதிகம் பாடினாள். வாய்விட்டு. மணமாகி நாற்பது ஆண்டில் முதன்முறையாக.

நிவேதன் கையிலிருந்த கைப்பேசியில், கனடாவிலிருந்து மகன் எழிலன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யம்மா, ஹீ ஹேஸ் கம் எ லாங் வே. ரொம்பத் தூரம் வந்துட்டாவ. பழைய அப்பா இல்லம்மா. மனுஷன் மாறிட்டாவ."

போன மாதம், 'லாங் வே டு கோ, இன்னும் ரொம்பத் தூரம் போகணும்' என்றிருந்தான்.

தமிழில் நோயாளி தேறுவான், கொடியவன் திருந்துவான். வேறு வேறு வினைகள். மகனின் ஆங்கிலமோ இரண்டையும் ஒரே சாலையில் நடத்தி, அவளைக் கேளாமலே மைல்கல் நட்டுக்கொண்டிருந்தது.

தேறினார். அதை அவள் மறுக்கவில்லை.

ஊன்றுகோல். ஓரடி.

ஊன்றுகோல். ஓரடி.

இத்தனை மாதம் கூரையையே பார்த்துக் கிடந்த கண்கள், இப்போது அவள்மேல் இருந்தன.

அவள் கால் தானாகப் பின்வாங்கியது.

"என்னம்மா, ஐயாகூட தொட்டுப் பிடிச்சி வெளையாடுதீயளா?" நிவேதன் சிரித்தான். "நகராதீங்க. ஐயாவுக்குத் தூரம் கூடுதுல்லா."

கணவர் சிரிக்கவில்லை.

மேலும் ஓரடி வந்தார். மேலும் ஓரடி நகர்ந்தாள். கதவின் தாழ் முதுகில் குளிர்ந்தது.

அவரது வலது முழங்கை மடிந்தது. விரல்கள் விரிந்தன. உள்ளங்கை மெல்ல, மிக மெல்ல, இடுப்புயரம் எழுந்தது.

நிவேதன் மூச்சடக்கினான்.

"ஏட்டி."

பதினொரு மாதத்துக்குப் பின் முதற்சொல்.

"எங்கட்டி போற?"

ஓரெழுத்தும் குழறவில்லை. ஓங்கிய கைக்கு முன்னால் எப்போதும் வரும் அதே கேள்வி. செவி போன அன்றும் இதைத்தான் கடைசியாக இரு செவியாலும் கேட்டாள்.

"பேசிட்டாவ! சார், ஐயா பேசிட்டாவ!" நிவேதன் கைப்பேசியைப் பார்த்துத் துள்ளினான். ஓடிவந்து கைப்பேசியை அவள் கையில் திணித்தான்.

திரையில் மகன் அழுதுகொண்டிருந்தான்.

"எனக்குச் சரியா கேக்கலம்மா. அப்பா மொதல்ல என்ன சொன்னாவ?"

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தாழை நீக்கிக் கதவைத் திறந்தாள். வெயில் கூடத்துக்குள் விழுந்தது.

"பொறப்பட்ட எடத்துக்கே வந்து சேந்துட்டாவடா, உங்க அப்பா."

அழுகை நின்றது.

கைப்பேசியை நிவேதனிடம் கொடுத்தாள்.

படியிறங்கினாள். செருப்பைத் தேடிக் குனியவில்லை.