வெட்டி வைத்த கேஸ்கெட்

"அவர் காணாமப் போய் பதினோரு வருஷமாச்சு. அதுலேருந்து வண்டிய யாரும் தொடல" என்றாள் மரகதவல்லி. கணவருக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கியாயிற்று. அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஓடவைத்து விற்க வேண்டும். மெக்கானிக் ஜெபராஜ் வாட்டர் பம்ப்பைக் கழற்றினார். வடிந்த தண்ணீரில் துளி துரு இல்லை. யாரும் தொடவில்லையாம்! கசிவைத் தடுக்க பம்ப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைத்திருந்த அட்டை கேஸ்கெட் மட்டும் கிழிந்துவிட்டது.

"ஒரு கல்யாணப் பத்திரிகை குடுங்கக்கா, அந்த அட்டையில புதுசா வெட்டிடறேன்."

உள்ளே போனவள் அரை மணி நேரம் கழித்து வந்தாள். கையில் வெட்டி முடித்த கேஸ்கெட்.

"அவர் அந்தக் காலத்துல வெட்டி வச்சது."

கிழிந்ததை அளவுக்குக்கூட அவள் வாங்கிப் போகவில்லை; ஆனாலும் போல்ட் துளைகள் கச்சிதமாகப் பொருந்தின. ஜெபராஜ் அதைத் திருப்பிப் பார்த்தார். முகூர்த்தத் தேதி மட்டும் கத்தரிக்குத் தப்பியிருந்தது: வருகிற வெள்ளிக்கிழமை.