இரண்டாவது பந்து

முதல் பந்து வளையத்துக்குள் சத்தமில்லாமல் விழுந்தது.

இரண்டாவதையும் போட்டுவிட்டால் பெனிட்டா தரையிலிருந்து எழுந்துவிடலாம்.

எறிந்தவள் போடவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் தவறவிட்டாள். விரல் நுனியைக் கொஞ்சம் விலக்கினாள், அவ்வளவுதான். பந்து விளிம்பில் உட்கார்ந்து யோசித்துவிட்டு வெளியே விழுந்தது. வருஷக்கணக்காகக் கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ போடுகிறவளுக்கு அதைத் தவறவிடவா தெரியாது?

கோச் விசில் ஊதினார்.

அவருடைய சட்டம் அப்படி. ஒருத்தி கோட்டில் நின்று எறிய வேண்டும். இன்னொருத்தி பக்கத்திலேயே முழங்கைகளையும் கால் விரல்களையும் ஊன்றி, வயிறு தரையில் படாமல் உடம்பை நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். எறிகிறவள் அடுத்தடுத்து இரண்டு போட்டால் இருவரும் இடம் மாறலாம். தவறினால் அவளுக்குப் பத்து புஷ்-அப், பிறகு மறுபடி முதலிலிருந்து. கையும் வயிறும் ஓய்ந்த பிறகு பந்து எங்கே போகிறது என்பதுதான் ஆட்டம் என்பார்.

யார் முதலில் விழுகிறாளோ அவள் வீட்டுக்கு. மற்றவள் மாநில ஜூனியர் அணிக்கு.

மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம்.

வயது வரம்பில், எறிகிறவளுக்கு இது கடைசி வருஷம். அணியில் ஆடினால் சென்னையில் காலேஜ் ஸீட், ஃபீஸ் கிடையாது. இல்லையென்றால் சித்தப்பாவின் பாத்திரக் கடை, ஆயுசுக்கும். பெனிட்டா சின்னப் பெண், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வாள். இப்படித்தான் தன் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தவிர, பெனிட்டா போன மாசம்தான் டைபாய்டில் கிடந்து எழுந்தவள். எவ்வளவு நேரம் தாங்குவாள்?

புஷ்-அப் முடித்து எழுந்தாள். ஒன்று உள்ளே. அடுத்தது வெளியே.

மறுபடி பத்து.

ஒன்று உள்ளே. அடுத்தது வெளியே.

தூத்துக்குடி வெயிலில் காலையிலேயே சிமென்ட் தரை சுட்டது. சுவரோரம் இருந்த மற்ற பெண்கள் முதலில் கைதட்டினார்கள். இப்போது ஒருத்தியும் தட்டவில்லை.

பெனிட்டாவின் இடுப்பு வெடவெடவென்று ஆடியது. காலையில் குடித்த பால் வாயோரம் வழிந்தது. அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

விழுந்து தொலையேன்டி என்று அவள் உள்ளுக்குள் கத்தினாள்.

பெனிட்டா விழவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அந்தப் பெண்ணின் உதடு வெளுத்துப் போயிருந்தது. ஏதாவது ஆகிவிட்டால்? போதும். இரண்டையும் போட்டுவிடுவோம். அடுத்து நான் இடம் மாறித் தரையில் தாங்கி ஜெயித்துக்கொள்கிறேன்.

மனசாரக் குறிபார்த்து எறிந்தாள்.

பந்து வளையத்தைத் தொடவே இல்லை. ஒரு முழம் முன்னாலேயே இறங்கிவிட்டது.

தோள் இரண்டும் கழன்றுவிட்டது போலிருந்தது. வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. தவறவிட்டதுதான் பொய். எடுத்த புஷ்-அப்பெல்லாம் நிஜம்தானே.

"என்னட்டி, கை செத்துப்போச்சா?" என்றார் கோச். "பத்து எடு."

எடுத்தாள். எறிந்தாள். இன்னும் கீழே போனது.

மறுபடி பத்து.

இந்தத் தடவை முழங்கைகள் மடங்கப் பார்த்தன. முகம் தரைக்கு இறங்கும்போதெல்லாம் பக்கத்திலேயே பெனிட்டாவின் முகம். அது அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றது.

"பதறாம போடுங்கக்கா," என்றாள் பெனிட்டா. "எனக்காக அவசரப்படாதீங்க. நான் தாங்கிக்கிடுதேன்."

பத்தையும் முடித்து அவள் எழுந்தாள். பந்தை எடுத்தாள்.

மார்புக்கு மேலே அதைத் தூக்க முடியவில்லை.