பாலத்துக்குச் சூடம்

வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருபது நிமிடம் இருக்கிறது. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் மேசையில், மருந்து வைக்காத வெறும் தீக்குச்சிகளால் பத்தொன்பது நாள் ஒட்டிய ரயில் பாலம் நிற்கிறது. படகுக்கு வழிவிடும் ஆற்றுப்பாலம் ஒன்று கிழடாகி, திறந்தால் மூடாமல் அடம்பிடிக்கிறது. அதற்குப் பதிலாக வரவிருக்கும் பாலத்தின் மாதிரி இது. இன்று மேலதிகாரிகளின் பார்வைக்குப் போகவேண்டும். அதை ஒட்டிய ரயில்வே என்ஜினியர் லிங்கராஜ் நூலை இழுக்க, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தண்டவாளம் நேராக மேலே ஏறுகிறது. ஜன்னல் வெயிலில் கோபுர உச்சிகள் செக்கச்செவேலென்று மின்னுகின்றன. “சிவப்பு விளக்கா மாப்ள? படகுக்காரனுக்கு நல்லாத் தெரியும்” என்கிறார் முதலாளி சுந்தரபாண்டியன். “நான் வைக்கலையே மாமா. நேத்து குச்சிச் சட்டத்தோட காயத்தான் வச்சேன்.” “அழகா இருக்குல்லா, பேசாம இரும்.” குச்சித் தலைக்கு மருந்து கலக்கும் சுதாராணி கதவோரம் நிற்கிறாள். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள், முதலாளியிடம் எட்டு மாதத்தில் பேசியது நான்கு வார்த்தை. அவள் பின்னால், குச்சிகள் செருகிய சட்டங்களை மருந்தில் முக்கும் வேலுத்தாய் சிவந்த விரல்களை முந்தானையில் ஒளித்துக்கொண்டு, “ஏட்டி, படிச்சவ நீ சொல்லு” என்று கிள்ளுகிறாள். புதுச் சாமான் எதுவும் சூடம் காட்டாமல் இந்த வாசல் தாண்டியதில்லை. தட்டில் சூடம் பற்றுகிறது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று சுற்றுகிறார். இரண்டாம் சுற்றில் சுடர் கோபுரத்தை நோக்கிச் சாய்கிறது. “நிறுத்துங்க மொதலாளி! வெளக்கில்ல அது! வேலுத்தாயக்கா பழக்கத்துல பாலத்தயும் கவுத்து மருந்துல முக்கிட்டாவ!”