மணிக்கட்டுக் காவல்

சர்ர்ரென்று ஒரு சத்தம். பின்பக்க ஜன்னலின் கொசுவலையை யாரோ நகத்தால் கீறுவது போல.

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அபிஷா அடுப்பை அணைத்தாள். தொட்டிலில் கிடந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கட்டில் மூலையில் ஒடுங்கினாள். புருஷன் ஸ்டெபின் லாரியோடு வடக்கே போயிருந்தான். அவள் வேலை பார்க்கும் லாட்ஜுக்குப் பின்னால், காப்பிச் செடிகளுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒற்றை ரூம் குவார்ட்டர்ஸ் அது. கூப்பிட்டால் ஓடிவர ஆளில்லை.

சத்தம் ஜன்னலை விட்டுக் கதவுப் பக்கம் வந்தது. நின்றது. அப்புறம் காய்ந்த இலைகள் மிதிபடப் போய்விட்டது.

இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

காலையில் லாட்ஜின் சாப்பாட்டு ஹாலில் எல்லாரும் கூடினார்கள். மேனேஜர் விஜயகுமார் கொண்டுவந்த வழக்கம். வேலை செய்கிற எல்லார் கையிலும் ஒரு ஸ்மார்ட் வாட்ச். யார் எவ்வளவு நடந்தார்கள் என்பது மறுநாள் காலை ஹால் டி.வி.யில் தெரியும். ரிசப்ஷனில் இருக்கும் அபிஷாதான் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். பட்டியலில் முதல் பேர் எப்போதும் மேனேஜருடையது.

"மேனேஜர் நானே இவ்வளவு நடக்கறேன். உங்களுக்கு என்ன கேடு?"

"நாங்க உக்காந்துதானுங்களே சார் வெங்காயம் உரிக்கணும்" என்றார் சமையல் தெரசம்மாள். "நடந்துக்கிட்டே உரிச்சா வெரல்தான் கொழம்புல கெடக்கும்."

ரூம் கூட்டும் அத்தாயி வாயைப் பொத்திச் சிரித்தாள். மேனேஜர் சிரிக்கவில்லை.

அபிஷா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், நேத்தும் ஊட்டுக்குப் பின்னால யாரோ வந்தாங்க. மொதலாளியம்மாகிட்டச் சொல்லி ஒரு லைட்டாவது..."

"மரநாயா இருக்கும். காப்பிப் பழம் திங்க வரும்."

"மரநாய் கதவுகிட்ட வந்து நிக்காதுங்க சார்."

மேனேஜர் முகம் இறுகியது. "அப்படியா? சரி, உன் பேரை அமுக்கு. மணி வாரியா வரும் பாரு, அதைத் திற. நேத்து சாயங்காலம்."

டி.வி.யில் பச்சைக் கோடும் சிவப்புக் கோடும் விரிந்தன.

"பச்சை, நடை. ஏழரைக்கு மேல ஒரு அடி இல்ல. சிவப்பு, நெஞ்சுத்துடிப்பு. ஏழரைக்கு எப்படி ஏறுது பாருங்க. புருஷன் ஊர்ல இல்ல. உக்காந்த எடத்தை விட்டு எந்திரிக்கல. அப்புறம் எதுக்கும்மா இப்படித் துடிக்குது? உள்ள யாரு இருந்தா?"

அத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். தெரசம்மாள் அபிஷாவை ஒரு பார்வை பார்த்தார். மேனேஜர் பேச்சைவிட அந்தப் பார்வைதான் அபிஷாவைச் சுட்டது.

"யாரும் இல்லைங்க சார். பயத்துல..."

"பயமாம். குடும்பத்தோட வந்து தங்கற எடம் இது. வேலையும் வேண்டாம், ரூமும் வேண்டாம். நாளைக்குக் காலி பண்ணிரு."

அபிஷாவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கைக்குழந்தையோடு எங்கே போவது? இந்தப் பேச்சு ஸ்டெபின் காதுக்கு எப்படிப் போய்ச் சேரும்? தன் பக்கத்தை மூடினாள். பட்டியல் திரும்ப வந்தது.

இத்தனை நாளும் மொத்தக் கணக்கை மட்டும்தான் போட்டுக் காட்டியிருக்கிறாள். பேரை அமுக்கினால் உள்ளே இவ்வளவு இருக்கிறது என்று இப்போதுதான் தெரியும். அதையும் மேனேஜரே சொல்லிக்கொடுத்தார்.

அவர் பேர் மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அமுக்கிவிட்டாள்.

"ஏய், அது எதுக்கு?"

"எல்லாரும் பார்க்கட்டுமே சார்."

நேற்று சாயங்காலம். கோடுகளோடு ஒரு வரைபடமும் வந்தது. பட்டனை அமுக்கினால்தான் வழி பதியும் என்று அவர் நினைத்திருந்தார் போல. வாட்ச் தானாகவே பதிந்து வைத்திருந்தது. லாட்ஜ் வாசலில் கிளம்பிய நீலக் கோடு காப்பிச் செடிகளுக்குள் புகுந்து, அபிஷாவின் குவார்ட்டர்ஸைப் பின்பக்கமாகச் சுற்றி, கதவுக்கு முன்னால் நின்று, திரும்பியிருந்தது. ஏழரை மணி. கீழே ஒரு பாராட்டு வேறு. 'அருமையான நடை. நாளையும் தொடருங்கள்.'

"யேசுவே" என்றார் தெரசம்மாள் மெதுவாக.

"அது... ரவுண்ட்ஸ் போனேன். மேனேஜர்னா நாலு பக்கமும் பார்க்கத்தான் வேணும்."

"அப்பறம் ஏனுங்க மரநாய்னு சொன்னீங்க?" என்றாள் அத்தாயி.

அபிஷா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"சார், உங்க சிவப்புக் கோடும் ஏழரைக்கு ஏறியிருக்குது. நான் புள்ளைய அணைச்சுக்கிட்டு பயத்துல துடிச்சேன். என் கதவுக்கு முன்னால சும்மா நின்ன உங்களுக்கு எதுக்குங்க துடிச்சது?"

கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார் மேனேஜர்.

தெரசம்மாள் வந்து அபிஷாவின் தோளைப் பிடித்தார். "கண்ணு, நானும் ஒரு நிமிஷம் தப்பா நெனச்சுட்டேன். மனசுல வச்சுக்காத. மொதலாளியம்மாவுக்குப் போனைப் போடு. அப்படியே போலீசுக்கும். டி.வி.ய மட்டும் அணைச்சிராத."

"அணைச்சாலும் பரவாயில்லைங்கக்கா" என்று தன் செல்போனைக் காட்டினாள் அத்தாயி. "நான் போட்டோ புடிச்சுட்டேன்."

மேனேஜர் ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி. திரும்பித் தன் ரூமைப் பார்த்து நடந்தார். நடை ஓட்டமானது.

அபிஷா போனைக் காதில் வைத்தபடியே அவர் பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் தெரசம்மாள், அத்தாயி, துணி துவைக்கிற பெண்கள், பாத்திரம் கழுவுகிற பெண்கள்.

"சார், மொதலாளியம்மா லைன்ல இருக்காங்க. உங்ககிட்டப் பேசணுமாம்."

கதவு படாரென்று மூடிக்கொண்டது. மேனேஜர் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார்.