செலினின் முழங்கால்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரூபன் வியாசர்பாடி மைதானத்துக்குப் பந்தாடக் கிளம்பும்போது, அவன் மனைவி செலின் தன் முழங்காலில் பொட்டளவு வில்லை ஒன்றை ஒட்டிக்கொள்வாள். அதன் ஜோடி அவன் முழங்காலில் இருக்கும். ஜவ்வு கிழிந்த அந்தக் காலின் வலி, ஆட்டம் முடியும்வரை அவளுக்கு வந்துவிடும்.

அவள் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வாள். லேசாகத் துடித்தால் அவன் ஓடுகிறான். சுருக்கென்றால் திரும்புகிறான். முழங்கால் தீயாய் எரிந்தால் கோலை நோக்கி உதைத்துவிட்டான். மைதானத்தின் பக்கமே போகாதவள், கட்டிலில் கிடந்தபடி அந்தப் புழுதியில் மிதந்துகொண்டிருப்பாள்.

இன்று பாதி ஆட்டத்தில் வலி நின்றுபோனது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

ரூபன் நொண்டிக்கொண்டே வந்தான். முழங்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"நடுவுல வில்லையக் கழட்டிட்டேன் செலின். எனக்காக நீ ஏன் வாராவாரம் கஷ்டப்படணும்?"

அவள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, அவன் காலில் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

"கோல் அடிச்சியா?"

"கடைசில ஒண்ணு அடிச்சேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அத மட்டும் நீயே வெச்சுக்கிட்ட."