பேச்சு தெளிவாக் கேக்கோணும்

“இவளுக்குக் காது மந்தமுங்க. அதுக்குத் தோதா ஒரு ஹோம் தியேட்டர் காட்டுங்க.”

கடைப்படி ஏறியதும் ஏறாததுமாக அங்கப்பன் போட்ட சத்தத்தில், பில் மேஜையில் இருந்த ரூபினா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவர் பக்கத்தில் நின்ற மனைவி சென்னியம்மாள் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

ரூபினாவின் கணவன் சாஜித் கணபதி பகுதியில் ஸ்பீக்கர் கடை போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆளைப் பார்த்தாலே பட்ஜெட் சொல்லிவிடுவான். அங்கப்பன் சட்டைப்பையில் டெஸ்டர், நகக்கண்ணில் கிரீஸ். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் தாங்காது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டான்.

“எவ்வளவுக்குள்ள பாக்கறீங்க?”

அங்கப்பன் வாயைத் திறக்குமுன் சென்னியம்மாள் முந்திக்கொண்டு, “எவ்வளவுக்குள்ள பாக்கறோம்னா கேக்கறீங்க?” என்றாள் உரத்த குரலில்.

“பன்னெண்டாயிரமுங்க. அதுக்கு மேல பத்து ரூவா இல்ல” என்றார் அங்கப்பன்.

சாஜித்துக்கு மீசைக்குள் ஒரு சிரிப்பு. அவன் கணக்கு என்றைக்குத் தப்பியிருக்கிறது?

“இதைப் பாருங்க. அஞ்சு ஸ்பீக்கர், ஒரு ஊஃபர். போட்டா ஜன்னல் ஆடும்.”

“அஞ்சு ஸ்பீக்கர், ஒரு ஊஃபரா! ஜன்னல் ஆடுமா!” கடை முழுக்கக் கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னாள் சென்னியம்மாள்.

எதைச் சொன்னாலும் இதே பாடுதான். வாரண்டி ஒரு வருஷம் என்றால் “ஒரு வருஷமா!” சுவரில் மாட்டலாம் என்றால் “சுவத்துல மாட்டலாமா!” காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று பார்த்துக்கொள்கிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டான் சாஜித்.

“பாத்தீங்களா? ஒண்ணொண்ணையும் ரெண்டு தடவை சொன்னாத்தான் இவளுக்கு ஏறும்” என்று சிரித்தார் அங்கப்பன். “என்ற காது அப்படியில்லீங்க. இருபத்தெட்டு வருசமா மோட்டார் ரிப்பேரு. ஓடற மோட்டார்மேல ஸ்க்ரூடிரைவரை ஊனி, பிடியக் காதோரம் வெச்சேன்னா போதும். பேரிங் போச்சா, காயில் போச்சான்னு சொல்லிப்போடுவேன். சரவணம்பட்டியில இருந்தெல்லாம் இந்தக் காதை நம்பித்தான் மோட்டார் வருது. எனக்குன்னு வாச்சவ பாருங்க, டமாரச் செவிடு!”

ரூபினாவின் முகம் சுருங்கிப்போனது.

அங்கப்பன் நிறுத்தவில்லை. “டிவி சத்தம் தாங்கலைன்னு பக்கத்து ஊட்டுக்காரங்க ஹவுஸ் ஓனர்கிட்டப் போயிட்டாங்க. இன்னொருக்கா புகார் வந்தா காலி பண்ணோணுமாமா. பதினாறு வருசமா இருக்கற ஊடு. எல்லாம் இவளால!”

“என்னாலதானுங்க” என்றாள் சென்னியம்மாள், கொஞ்சமும் வருத்தமில்லாமல். பிறகு சாஜித்திடம், “குண்டுச் சத்தம் வேண்டாமுங்க. கொஞ்சமா வெச்சாலே பேச்சு தெளிவாக் கேக்கோணும். அப்படி ஒண்ணு காட்டுங்க.”

சாஜித் நீளமான சவுண்ட் பார் ஒன்றை எடுத்து டிவியில் மாட்டிச் செய்தியைப் போட்டான். சென்னியம்மாள் டிவியைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தைத்தான் பார்த்தாள்.

“வேறங்க?”

இரண்டாவது. மறுபடியும் அவர் முகம். “வேறங்க?”

மூன்றாவதை மாட்டியதும் அங்கப்பனின் கண் விரிந்தது. “அட, செய்தி படிக்கற புள்ள என்ன திருத்தமாப் பேசுது!”

“இதையே போட்டுக் குடுத்துருங்க” என்றாள் சென்னியம்மாள். பன்னிரண்டுக்குள் அடங்கியும்விட்டது.

அங்கப்பன் பெட்டியை வண்டியில் கட்ட வெளியே போனார். சென்னியம்மாள் வாசல்படி வரை போய், வெளியே பார்த்தபடி நின்றாள்.

சாஜித்துக்கு மனசு ஆறவில்லை. ரூபினாவின் பக்கம் குனிந்து, உதடு அசைகிற அளவில் முணுமுணுத்தான். “தனக்குக் கேக்குதான்னு சொல்லக்கூட அந்தம்மாவுக்கு வழியில்ல, பாத்தியா? புருஷன் மூஞ்சியப் பாத்து வாங்குது. இந்தக் காசுக்குக் காது மிஷின் வாங்கிக் குடுத்திருக்கலாம். கல்நெஞ்சுக்காரன்.”

வாசலில் நின்றவள் திரும்பினாள். நிதானமாக மேஜையருகே வந்தாள்.

“அவர அப்படிச் சொல்லாதீங்க கண்ணு.” இப்போது அவள் குரலில் அந்தச் சத்தம் இல்லை.

சாஜித் வெடுக்கென்று நிமிர்ந்தான். “உங்களுக்கு... கேட்டுச்சுங்களா?”

“எனக்கு ஊசி உழுந்தாலும் கேக்குமுங்க. அவருக்குத்தான் மூணு வருசமாப் பேச்சு சரியாக் கேக்கறதில்ல. எதையும் நான் கத்தித் திருப்பிச் சொன்னாத்தான் அவருக்கு ஏறும். கோளாறு எனக்குத்தான்னு நம்பிட்டிருக்காரு. மோட்டார்க் கோளாற மட்டும் கை அதிர்றத வெச்சே இன்னும் பிசகாமச் சொல்லிப்போடறாரு.”

“டாக்டர்கிட்டக் காட்டலாமேங்க?” என்றாள் ரூபினா மெல்ல.

“வெள்ளிக்கெழமை எனக்குக் காட்டப் போறோம். வந்த கையோட அவரையும் பாத்துருங்கன்னு டாக்டரம்மாகிட்ட முன்னாலயே சொல்லி வெச்சிருக்கேன்.”

“அம்மணீ! கூப்படறது கேக்குதா இல்லியா?” வெளியிலிருந்து அங்கப்பன் கத்தினார்.

“வாரேனுங்க!” என்று அதே அளவுக்குக் கத்திவிட்டு, சென்னியம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

“செவிடு அவருன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்குப் பட்டறைக்கு ஒரு மோட்டார் வராதுங்க. நானுன்னா என்ன, எங்க ஊட்டுல சோறு வேகாமயா போயிரும்?”